எங்கள் பாக்சர் எஞ்சின் பாக்சர் அல்ல
(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி, அறிவியல் மன்றம்)

சென்ற ஆண்டு நம் பள்ளியில் நடைபெற்ற அறிவியல் கண்காட்சியில், அப்போது ஒன்பதாம் வகுப்பில் இருந்த நாங்கள் நால்வர் சேர்ந்து ஒரு கார் எஞ்சின் மாதிரியைச் செய்து வைத்திருந்தோம். பார்த்தவர்களுக்கு நினைவிருக்கலாம். இரண்டு பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகள் சிலிண்டர்கள். விசைத்தறி வைத்திருக்கும் தோழி ஒருத்தியின் வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய நூல்கட்டைகள் பிஸ்டன்கள். வளைத்த சைக்கிள் கம்பி கிராங்க் தண்டு. கைப்பிடியைச் சுற்றினால் இடப்புறம் ஒன்றும் வலப்புறம் ஒன்றுமாகப் படுத்திருக்கும் குழாய்களுக்குள் கட்டைகள் போய்வரும். அதன் மேலே சிவப்பு மையினால், "பாக்சர் எஞ்சின்: போர்ஷே, பெராரி பந்தயக் கார்களில் உள்ளது" என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தோம். அதற்கு முதற்பரிசும் கிடைத்தது.

பரிசு அறிவித்து அரைமணி நேரம் ஆகியிருக்கும். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தந்தை வந்தார். வண்டிப் பட்டறை வைத்திருப்பவர். கைப்பிடியை மெதுவாக ஒரு சுற்று சுற்றினார். மறுபடி ஒரு சுற்று. பிறகு சிரித்துக்கொண்டே கேட்டார்: "ஏ பிள்ளைகளா, பாக்சர்னு எழுதிப் போட்டிருக்கிய. ரெண்டு கட்டையும் ஒரே பக்கமால்லா போகுது?"

எங்களுக்குப் புரியவில்லை. "புத்தகத்துப் படத்தில் இப்படித்தான் இருந்தது மாமா, இரண்டு பக்கமும் சிலிண்டர் படுத்திருந்தது" என்றோம். "படத்துல பின் எங்கம்மா தெரியும்? அது உள்ளல்லா இருக்கும்" என்றார் அவர். வேறு ஒன்றும் சொல்லாமல் அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

அன்று மாலையே விடுதி நூலகத்திலும் ஆய்வகத்துக் கணினியிலும் தேடினோம். அவர் சொன்னதுதான் சரி. நாங்கள் செய்தது பாக்சர் எஞ்சினே அல்ல; அதற்கு 180 பாகை வி எஞ்சின் என்று பெயர். பரிசுச் சான்றிதழை எடுத்துக்கொண்டு நால்வரும் தலைமையாசிரியை சிஸ்டரிடம் போய் நின்றோம். சிஸ்டர் சான்றிதழைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. "நீங்கள் ஒட்டிய சீட்டைக் கிழித்துவிடலாம். அதைப் படித்துவிட்டு வீட்டுக்குப் போன அத்தனை பேருக்கும் யார் சொல்வது?" என்று மட்டும் கேட்டார்கள். அதனால்தான் இந்தக் கட்டுரை. ஆண்டு மலர் கண்காட்சிக்கு வந்த எல்லா வீட்டுக்கும் போகும் அல்லவா!

முதலில், பிஸ்டன் என்ன வேலை செய்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். சிலிண்டர் என்னும் குழாய்க்குள் பெட்ரோலும் காற்றும் கலந்து எரியும்போது உண்டாகும் அழுத்தம் பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டனோடு கோத்த ஒரு கம்பி (பட்டறையில் கனெக்டிங் ராடு என்பார்கள்) கிராங்க் தண்டின் வளைவில் இருக்கும் ஒரு முளையைப் பிடித்துத் தள்ளித் தண்டைச் சுழற்றுகிறது. கிணற்று ராட்டினத்தின் கைப்பிடியை நாம் சுழற்றுவது போல. அந்த முளையைத்தான் அந்தப் பெரியவர் 'பின்' என்றார். நாங்கள் இனி முளை என்றே எழுதுகிறோம். கட்டுரை முழுவதும் அந்த முளையைப் பற்றியதுதான்.

பிஸ்டன் வட்டமாகச் சுற்றுவதில்லை. போகிறது, நிற்கிறது, திரும்பி வருகிறது, மறுபடி நிற்கிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றினால் விநாடிக்கு 100 சுற்று. அதாவது பிஸ்டன் விநாடிக்கு 200 முறை நின்று திரும்ப வேண்டும். கனமான பொருளை அப்படி நிறுத்தித் திருப்புவதற்கு எவ்வளவு விசை வேண்டும்? எங்கள் அறிவியல் ஆசிரியை கணக்குப் போட்டுக் காட்டினார்கள். பிஸ்டன் அரைக் கிலோ என்றும், அது போய்வரும் தூரம் 66 மில்லிமீட்டர் என்றும் கொண்டால், ஓட்டத்தின் இரு கோடிகளிலும் ஏறக்குறைய 6,500 நியூட்டன் விசை வேண்டும். ஒரு மாருதி 800 காரின் எடைக்கு ஏறக்குறையச் சமம் அது. கையளவு பிஸ்டன் ஒன்றைத் திருப்ப, ஒரு காரின் எடை!

இனி, பத்தாம் வகுப்பு அறிவியலின் முதற்பாடமான இயக்க விதிகளை நினைத்துக்கொள்வோம். ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு. பிஸ்டனை எஞ்சின் இந்தப் பக்கம் இழுத்தால், பிஸ்டன் எஞ்சினை அந்தப் பக்கம் இழுக்கும். இதுதான் அதிர்வு. புல்லட் மோட்டார் சைக்கிள் நின்ற இடத்தில் ஓடும்போது கைப்பிடி நடுங்குவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். 1955-ல் தொடங்கிய என்பீல்டு இந்தியா நிறுவனம் சென்னைத் திருவொற்றியூரில் பல்லாண்டுகள் தயாரித்த வண்டி அது. அதில் ஒரே ஒரு பெரிய சிலிண்டர். அந்த ஒற்றைப் பிஸ்டன் போகும்போதும் வரும்போதும் அதைச் சமன் செய்ய எதிர்ப்பக்கம் இன்னொரு பிஸ்டன் இல்லை. புல்லட் ஓட்டுகிறவர்கள் அந்த நடுக்கத்தையே பெருமையாகச் சொல்லிக்கொள்வது வேறு விஷயம். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. விசைத்தறியின் பலகையை ஆட்டுவதும் ஒரு கிராங்க் தண்டுதான். தறி ஓடும் வீட்டில் சுவரில் கைவைத்தால் போதும், எந்நேரம் எத்தனை தறி ஓடுகிறது என்று சொல்லிவிடுவார்கள்.

எஞ்சின் செய்கிறவர்களின் பெரும்பாடு இந்த அதிர்வை ஒழிப்பதுதான். அதற்குக் கண்ட வழிகளில் மிக அழகானது பாக்சர்.

இரண்டு சிலிண்டர்களை எதிரெதிராகப் படுக்க வைத்து, ஒரு பிஸ்டன் வெளியே போகும்போது மற்றதும் வெளியே போகுமாறும், ஒன்று உள்ளே வரும்போது மற்றதும் உள்ளே வருமாறும் அமைத்துவிட்டால், ஒன்றின் இழுப்பை மற்றது தீர்த்துவிடும். குத்துச்சண்டைக்காரர் சண்டைக்கு முன் தம் இரு கையுறைகளையும் மார்புக்கு நேராக முட்டிக்கொள்வாரே, அது போல இருப்பதால் பாக்சர் என்று பெயர். நமக்குக் குத்துச்சண்டை எதற்கு? கும்மி இருக்கிறது. கும்மி அடிக்கும்போது இரு கைகளும் ஒன்றாகக் கூடுகின்றன, ஒன்றாகப் பிரிகின்றன. கை எவ்வளவு வேகமாக அடித்தாலும் உடம்பு இடமோ வலமோ சாய்வதில்லை.

நாங்கள் செய்தது கும்மி அல்ல, ரம்பம். மரக்கடையில் பெரிய கட்டையை இருவர் எதிரெதிரே நின்று அறுப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் இழுக்கும்போது மற்றவர் கை அவரை நோக்கிப் போகிறது. இருவர் கையும் எப்போதும் ஒரே திசையில்தான் நகர்கின்றன. எங்கள் மாதிரியில் இரு கட்டைகளின் கம்பிகளையும் ஒரே முளையில் மாட்டியிருந்தோம். முளை இடப்பக்கம் போனால் இடக்கட்டை வெளியே போகும், வலக்கட்டை உள்ளே வரும். இரண்டும் இடப்பக்கமாகவே நகரும். பாக்சராக இருக்க வேண்டுமானால் ஒவ்வொரு பிஸ்டனுக்கும் தனித்தனி முளை வேண்டும். அந்த இரு முளைகளும் தண்டுக்கு இருபுறமும் நேரெதிராக, 180 பாகை விலகி நிற்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு எஞ்சின்களும் ஒன்றே. மூடியைத் திறந்தால்தான் வேறுபாடு தெரியும்.

சரி, படுத்துக் கிடக்கும் எஞ்சினுக்கு வி என்ற பெயர் எப்படி வந்தது? ஒரு புத்தகத்தை மேசைமேல் நிறுத்திப் பாதி திறந்து பிடித்தால், ஆங்கில எழுத்து வி போல இருக்கும். இரண்டு அட்டைகளிலும் சிலிண்டர் வரிசைகள், நடுவில் முதுகுப்புறம் கிராங்க் தண்டு. வி எஞ்சினில் எதிரெதிர் சிலிண்டர் இரண்டும் பெரும்பாலும் ஒரே முளையைப் பகிர்ந்துகொள்ளும். இப்போது புத்தகத்தை இன்னும் திறந்துகொண்டே போய், அட்டைகள் மேசையில் படியும்படி முழுக்க விரித்துவிடுங்கள். முளையில் எந்த மாற்றமும் இல்லை. கோணம் மட்டும் 180 பாகை ஆகிவிட்டது. அதுதான் படுத்த வி. சங்கரனும் நாராயணனும் ஓருருவாய் நிற்கும் ஊரில் பிறந்த எங்களுக்கு, இரண்டு பிஸ்டன்கள் ஒரே முளையில் நிற்பது சட்டென்று பிடித்துப் போனதில் வியப்பில்லை!

இதைப் படித்துத் தெரிந்துகொண்டதோடு நிற்காமல் சோதித்தும் பார்த்தோம். பழைய மாதிரியைக் கலைக்காமல், இரண்டு முளைகளோடு இன்னொன்று செய்தோம். நூல்கட்டைகளுக்குள் இரும்புத் திருகாணிகளை இறுக்கிக் கனமாக்கினோம். பொம்மைக் காரிலிருந்து கழற்றிய சிறு மோட்டாரையும் பேட்டரியையும் ஒவ்வொரு பலகை மேலும் பொருத்தி, ரப்பர் வளையத்தால் தண்டைச் சுழல வைத்தோம். கையால் சுற்றினால் கையே பலகையைப் பிடித்துக்கொள்ளும் அல்லவா? பிறகு பெரிய எவர்சில்வர் தாம்பாளத்தில் கோலிக்குண்டுகளைப் பரப்பி, அவற்றின் மேல் பலகையை வைத்தோம்.

முதலில் பரிசு வாங்கிய மாதிரி. மோட்டாரை இணைத்ததும் பலகை இடமும் வலமுமாக ஆடத் தொடங்கியது. கட்டைகள் இடப்பக்கம் போகும்போது பலகை வலப்பக்கம். கட்டைகள் வலப்பக்கம் வரும்போது பலகை இடப்பக்கம். கோலிகள் தாம்பாளத்தில் கடகடவென்று உருண்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பிலிருந்து ஆசிரியை எட்டிப் பார்த்தார்கள். இரண்டாவது மாதிரியை வைத்தோம். ஆட்டம் நின்றுவிட்டது என்று கைதட்டினோம். ஆனால் உற்றுப் பார்த்தபோது பலகை முழுவதும் அசையாமல் இல்லை. இடமும் வலமும் போகாவிட்டாலும், நின்ற இடத்திலேயே லேசாக இப்படியும் அப்படியும் திருகிக்கொண்டிருந்தது.

ஏதோ தவறு செய்துவிட்டோம் என்று இரண்டு நாள் கம்பியை வளைத்து வளைத்துப் பார்த்தோம். தவறு எங்களுடையது அல்ல. இரண்டு முளைகள் என்றால் அவை தண்டில் அடுத்தடுத்துத்தான் இருக்க முடியும். அதனால் இரு சிலிண்டர்களும் மூக்கோடு மூக்கு நேராக அமையாமல், ஒன்று சற்று முன்னும் ஒன்று சற்றுப் பின்னுமாக இருக்கும். சமமான இரு விசைகள் எதிரெதிர்த் திசையில் செயல்பட்டு, ஆனால் ஒரே நேர்கோட்டில் இல்லாவிட்டால் அதற்கு என்ன பெயர்? இரட்டை! தண்ணீர்க் குழாயைத் திருகும்போது கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் செய்வது. பாடப்புத்தகத்தில் இரண்டு மதிப்பெண் வினாவாகப் படித்தது எங்கள் கண்முன்னே கோலிக்குண்டு மேல் திருகிக்கொண்டிருந்தது. இரண்டு சிலிண்டர் பாக்சரில் இந்தத் திருகல் என்றும் போவதில்லை. ஆறு சிலிண்டர் ஆகும்போது மூன்று ஜோடிகளின் திருகலும் ஒன்றையொன்று தீர்த்து, ஏறத்தாழ முழு அமைதி கிடைக்கிறது.

பாக்சர் எஞ்சினை முதலில் செய்தவர் ஜெர்மனியின் கார்ல் பென்ஸ். மோட்டார் காரையே முதலில் செய்தவரும் அவரே. 1896, 1897 ஆண்டுகளில் அவர் உருவாக்கிய இரட்டைச் சிலிண்டர் எஞ்சினுக்குக் 'காண்ட்ரா', அதாவது எதிரெதிர், என்று பெயரிட்டார். இங்கே அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. கண்காட்சியில் எங்கள் மேசைக்கு வந்த சிலர், "பொம்பளைப் பிள்ளைகளுக்கு எஞ்சின் எதுக்கு?" என்று கேட்டார்கள். 1888-ல் கணவருக்குத் தெரியாமல் இரு மகன்களை ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைமுக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் கார் ஓட்டிப் போனவர் பெர்த்தா. வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். பெட்ரோல் கடையே இல்லாத காலம். மருந்துக்கடையில் எரிபொருள் வாங்கி ஊற்றினார். உலகின் முதல் நெடுந்தூரக் கார்ப் பயணத்தைச் செய்தவரும், முதன்முதலாக நடுவழியில் வண்டி பழுது பார்த்தவரும் ஒரு தாய்தான் என்று பதில் சொல்ல அன்று எங்களுக்குத் தெரியவில்லை. இப்போது தெரிகிறது.

பென்ஸுக்குப் பின் பாக்சர் பல வண்டிகளுக்குப் போயிற்று. பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 1923-ல் வெளியிட்ட ஆர் 32 மோட்டார் சைக்கிளில் 494 கன சென்டிமீட்டர் பாக்சர். இரு சிலிண்டர்களும் இருபுறமும் காது போல நீட்டிக்கொண்டிருக்கும். வோக்ஸ்வேகன் பீட்டில் என்னும் வண்டுக் காரின் பின்பக்கத்தில் நான்கு சிலிண்டர் பாக்சர். 2003 வரை 2 கோடிக்கு மேல் செய்யப்பட்ட கார் அது. இலங்கைச் சாலைகளில் இன்றும் அந்த வண்டுகள் ஓடுகின்றன. ஜப்பானின் சுபாரு 1966 முதல் பாக்சர் செய்துவருகிறது. 1963-ல் போர்ஷே காட்சிக்கு வைத்த 911 காரில் ஆறு சிலிண்டர் பாக்சர்; ஆறு பிஸ்டனுக்கு ஆறு முளை. ஆகவே, எங்கள் சீட்டில் போர்ஷே என்று எழுதியதில் பாதி உண்மை இருந்தது.

இவ்வளவு படித்தபின் நாங்கள் ஒரு முடிவுக்கு வந்திருந்தோம்: பாக்சர் நல்லது, படுத்த வி மட்டமானது, கோலிக்குண்டே சாட்சி என்று. அந்த முடிவும் தவறாகப் போயிற்று. உண்மையில் இந்தப் பாடத்தில் எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

போர்ஷே 911-ன் ஆறு சிலிண்டர் பாக்சர் எஞ்சினை உருவாக்கியதில் முதன்மையானவர் ஹான்ஸ் மெட்ஸ்கர் என்ற பொறியாளர். அவரே 1969-ல் போர்ஷே 917 என்ற பந்தயக் காருக்குப் பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின் ஒன்றை வடிவமைத்தார். அதுவும் படுத்த எஞ்சின்தான். ஆனால் அதில் பன்னிரண்டு முளைகள் இல்லை, ஆறே ஆறு. ஒவ்வொரு முளையிலும் இரண்டு பிஸ்டன்கள். அதாவது, எங்கள் மாதிரியைப் போல! பாக்சரின் நன்மை அவருக்குத் தெரியாதா? அதைச் செய்தவரே அவர்தானே. பின் ஏன் விட்டுவிட்டார்?

விடை பிஸ்டன்களின் எண்ணிக்கையில் இருக்கிறது. பன்னிரண்டு சிலிண்டரில் ஒரு பக்கத்துக்கு ஆறு. வரிசையாக நிற்கும் ஆறு சிலிண்டருக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு: அதன் முளைகள் 120 பாகை இடைவெளியில் மூன்று திசைகளில் அமைந்திருப்பதால், அந்த ஆறும் தமக்குள்ளேயே சமன் ஆகிவிடும். மூன்று குழுக்கள் ஒரே முடிச்சில் மூன்று கயிறு கட்டி, மூன்று திசையில் சமமாக இழுத்தால் முடிச்சு நகராதல்லவா? பதினோராம் வகுப்பு அக்கா ஒருவர் கோசைன் மதிப்புகளை வைத்து எங்களுக்கு எழுதிக் காட்டினார்: ஒரு பிஸ்டனின் இழுப்பு 1 என்றால், அந்நேரம் 120 பாகை தள்ளியிருக்கும் பிஸ்டனுடையது கழித்தல் அரை, 240 பாகையில் இருப்பதும் கழித்தல் அரை. கூட்டினால் பூஜ்யம். முன்பாதி மூன்றும் பின்பாதி மூன்றும் கண்ணாடியில் பார்ப்பது போல அமைவதால் திருகலும் தீர்ந்துவிடும்.

ஆக, இடப்பக்க ஆறும் தாமே அமைதி. வலப்பக்க ஆறும் தாமே அமைதி. ஒன்றின் அதிர்வை மற்றொன்று தீர்க்க வேண்டிய தேவையே இல்லாதபோது, தனி முளை எதற்கு? பன்னிரண்டு முளை வைத்தால் தண்டு நீளும். நீண்ட தண்டு எடை கூடும். வேகமாகச் சுழலும்போது ஈரத்துணியைப் பிழிவது போலத் தண்டே முறுக்கிக்கொள்ளும். முளைகளை ஆறாகக் குறைத்தும் மெட்ஸ்கருக்கு அந்த முறுக்கல் பயம் போகவில்லை. தண்டின் முனையிலிருந்து சக்தியை எடுக்காமல், நட்ட நடுவில் ஒரு பல்சக்கரம் வைத்து அங்கிருந்து எடுத்தார். தண்டு இரண்டு குட்டையான பாதிகளாகிவிட்டது. என்ன அருமையான யோசனை!

இன்னொன்றும் உண்டு. கும்மியில் கைகள் கூடும்போது நடுவில் இருக்கும் காற்று நசுங்குகிறது. பாக்சரிலும் பிஸ்டன்கள் ஒன்றாக உள்ளே வரும்போது கிராங்க் பெட்டிக்குள் இருக்கும் காற்றை அமுக்குகின்றன; அந்த அமுக்கத்துக்கும் சக்தி செலவாகிறது. ரம்பத்தில் இந்தத் தொல்லை இல்லை. ஒரு பிஸ்டன் விட்ட இடத்துக்குக் காற்று நகர்ந்துகொள்ளும்.

917 கார் பிரான்சு நாட்டின் லெ மான் என்னுமிடத்தில் நடக்கும் 24 மணி நேரப் பந்தயத்தில் 1970-லும் 1971-லும் வென்றது. 1971-ல் ஒரு பகல் ஓர் இரவில் அது ஓடிய தூரம் 5,335 கிலோமீட்டர். ஏறக்குறையக் கன்னியாகுமரியிலிருந்து டில்லிக்குப் போய்த் திரும்பும் தூரம். அந்தத் தூரத்தை 2010 வரை அங்கே எந்தக் காரும் மிஞ்சவில்லை.

இனிப் பெராரிக்கு வருவோம். எங்கள் சீட்டின் மறுபாதி. இத்தாலியப் பெராரி நிறுவனம் 1970-ல் தன் 312 பி பந்தயக் காரிலும், 1973 முதல் விற்ற 365 ஜிடி4 பிபி காரிலும் பன்னிரண்டு சிலிண்டர் படுத்த எஞ்சின் வைத்தது. பிபி என்பதன் விரிவு 'பெர்லினெட்டா பாக்சர்'. பெயரிலேயே பாக்சர்! ஆனால் உள்ளே முளைகள் ஆறுதான். பெயர் பாக்சர், பிறவி படுத்த வி. 1984-ல் வந்த டெஸ்டரோசா காரும் அந்த வழி வந்ததுதான். 1996 வரை அந்தக் குடும்பம் விற்பனையில் இருந்தது. பெராரி போன்ற நிறுவனமே அப்படிப் பெயர் வைத்திருக்க, நாங்கள் ஏமாந்தது பெரிய குற்றமில்லை என்று எங்களில் ஒருத்தி வாதாடினாள். மற்ற மூவரும் ஒத்துக்கொள்ளவில்லை. நாங்கள் முளையைப் பார்த்துவிட்டுப் பெயர் வைக்கவில்லையே!

படுத்த எஞ்சின்களின் பொதுவான நன்மை எடை தாழ்வாக இருப்பது. தலைப்பாரம் இல்லாத வண்டி வளைவில் சாயாமல் திரும்பும். நிக்கி லாடா 1975, 1977 ஆண்டுகளிலும், ஜோடி ஷெக்டர் 1979-லும் உலகப் பட்டம் வென்றது இந்தப் பன்னிரண்டு சிலிண்டர் பெராரிகளில்தான். ஆனால் படுத்த எஞ்சினுக்கு அகலம் அதிகம். 1970-களின் இறுதியில் லோட்டஸ் நிறுவனம் காரின் இரு பக்கமும் அடியில் காற்றுப் பாதை அமைத்து, ஓடும் காற்றே வண்டியைத் தரையோடு அழுத்துமாறு செய்தது. ஒடுங்கிய வி எஞ்சின் வைத்தவர்களுக்கு அந்தப் பாதைக்கு இடம் இருந்தது. பெராரியின் அகன்ற எஞ்சின் அந்த இடத்தை அடைத்துக்கொண்டது. 1980-ல் பெராரி ஆண்டு முழுவதும் பெற்றது 8 புள்ளிகள். முந்தைய ஆண்டின் உலகச் சாம்பியன் ஷெக்டர் கனடாப் பந்தயத்துக்குத் தகுதிபெறவே முடியவில்லை. 1981-ல் பெராரி ஆறு சிலிண்டர் வி எஞ்சினுக்கு மாறிவிட்டது. முளையால் வந்த தோல்வி அல்ல அது, அகலத்தால் வந்தது. அதில் உண்மையான பாக்சர் இருந்திருந்தாலும் இதே கதிதான்.

நம் மாநிலத்தில் இந்த எஞ்சின்களைப் பார்க்க முடியுமா என்று தோழியர் கேட்கிறார்கள். பந்தயத்துக்குப் பஞ்சமில்லை. சென்னையை அடுத்த சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் பல்லாண்டுகள் கார்ப் பந்தயம் நடந்தது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தடமே வந்துவிட்டது. சென்னையின் அலிஷா அப்துல்லா பைக்கிலும் காரிலும் பந்தயம் ஓட்டிப் பெயர் பெற்றவர். ஆனால் எஞ்சின்தான் வேறு. கோவையில் உருவான எல்.ஜி.பி. பார்முலா 4 கார்களில் மாருதி ஸ்விப்ட் காரின் நான்கு சிலிண்டர் வரிசை எஞ்சின். 2005-ல் இந்தியாவின் முதல் பார்முலா ஒன் ஓட்டுநரான கோவை நரேன் கார்த்திகேயன் ஓட்டிய ஜோர்டன் காரில் பத்து சிலிண்டர் வி எஞ்சின். ஓசூரில் டி.வி.எஸ். நிறுவனம் பி.எம்.டபிள்யூ. நிறுவனத்துக்காக மோட்டார் சைக்கிள் செய்யத் தொடங்கியபோது எங்களுக்கு ஆசை பிறந்திருக்கும். ஆனால் அங்கே செய்த ஜி 310 வண்டிக்கு ஒரே சிலிண்டர். பாக்சர் வகை வண்டிகள் ஜெர்மனியிலிருந்துதான் வருகின்றன.

எங்கள் தெருக்களில் ஒரு காலத்தில் பஜாஜ் பாக்சர் என்ற வண்டி நிறைய ஓடியதாகப் பெற்றோர் சொல்வார்கள். நல்ல உழைப்பாளி வண்டியாம். அதிலும் ஒரே சிலிண்டர்தான்; எதிரே குத்துவிட ஆளே இல்லாத பாக்சர்! எங்கள் சீட்டைப் பார்த்துச் சிரித்த அந்தப் பட்டறைக்காரர் இன்றும் அந்த வண்டியில்தான் மகளைப் பள்ளிக்குக் கொண்டுவந்து விடுகிறார்.

இரண்டு மாதிரிகளும் இப்போது அறிவியல் ஆய்வகத்தில் சன்னலோரத்து அலமாரியின் இரண்டாம் தட்டில் இருக்கின்றன. சீட்டுகளை மாற்றி எழுதிவிட்டோம். இடப்புறம் இருப்பது, "180 பாகை வி. முளை ஒன்று." வலப்புறம் இருப்பது, "பாக்சர். முளை இரண்டு." பெற்றோர் கூட்டத்துக்கு வருகிறவர்கள் ஆய்வக ஆசிரியையிடம் கேட்டால் எடுத்துத் தருவார்கள். கோலிக்குண்டுகளும் தாம்பாளமும் கீழ்த் தட்டில் உள்ளன. தாம்பாளம் விடுதிச் சமையலறைக்குச் சொந்தமானது. பார்த்து முடித்ததும் திரும்ப அங்கேயே வைத்துவிட வேண்டுகிறோம்.